பாதத்தைத் தூக்க வரவில்லை, மரத்துக் கிடக்கிறது: நரம்பு பழையபடி வருமா?

தொண்ணூறடி ரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தாராவியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு டைல்ஸ் போடும் வேலை. போன மாதம் காட்கோபரில் ஒரு புது பில்டிங்கில் அவசர வேலை என்று காலையிலிருந்து ராத்திரி வரை குத்தவைத்து உட்கார்ந்தே வேலை பார்த்தார். மறுநாள் எழுந்தபோது வலது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. குதிகால் ஊன்றுகிறது, முன்பாதம் தொப்பென்று தரையில் அடிக்கிறது. பாதத்தின் மேல்பக்கமும், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கும் மரத்துப்போயிருக்கின்றன. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலு எட்டு நடந்துவிடுகிறார். வலி பெரிதாக இல்லை. அதனாலேயே வீட்டில் எல்லோரும் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பக்கத்து டாக்டர், முழங்காலுக்குக் கீழே நரம்பு அமுங்கியிருக்கிறது என்று ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். நரம்பில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் என்சிவி டெஸ்ட் எடுக்கச் சொன்னார், ஆனால் மூன்று வாரம் போகட்டும் என்றார். ஏன் தள்ளிப்போடச் சொல்கிறார் என்று புரியவில்லை. ஊரில் மாமனார், இங்கே கூட்டி வாருங்கள், வர்மம் பார்க்கலாம் என்கிறார். வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவர் ஒருவர் சம்பளத்தில்தான். இதிலிருந்து மீண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பரேல் பிசியோ எழுதியது:

தங்கச்சி, நான் பரேலில் ஓர் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறேன். டைல்ஸ் போடுபவர்கள், மார்பிள் பாலிஷ் செய்பவர்கள், தரையில் உட்கார்ந்து தைப்பவர்கள் இதே புகாரோடு எங்களிடம் வருவது வழக்கம்தான். உங்கள் டாக்டர் சொன்னது சரியான யோசனை.

முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு போகிறது. அங்கே அதற்கு மேல் சதை கிடையாது, தோலும் எலும்பும்தான். மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்தால் அந்த இடத்தில் நரம்பு நசுங்கி, அதற்கு வரும் ரத்த ஓட்டமும் குறைகிறது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவது இந்த நரம்பின் வேலை. அதனால்தான் முன்பாதம் தொங்கிவிடுகிறது. ஃபுட் டிராப் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.

பாதிப்பில் மூன்று தரம் உண்டு. 1943-ல் செடன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வகுத்தது, இன்றும் அதைத்தான் வைத்துப் பேசுகிறோம். முதல் தரத்தில் நரம்பிழையின் மேலுறை மட்டும் கெட்டிருக்கும், உள்ளே இழை அறுந்திருக்காது. சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவதில் உள்ளிழை அறுந்து, அதைச் சுற்றியுள்ள குழாய் மிச்சமிருக்கும். அந்தக் குழாய் வழியாக இழை மறுபடி வளர வேண்டும். வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மூன்றாவது, நரம்பு முழுக்கத் துண்டாவது. அதை அறுவை செய்துதான் சேர்க்க வேண்டும். உட்கார்ந்த அழுத்தத்தால் வருவது பெரும்பாலும் முதல் தரம், அல்லது முதலும் இரண்டும் கலந்தது.

டெஸ்ட்டை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்றால், இழை அறுந்தாலும் கீழ்ப்பகுதி செத்துப்போகச் சில நாள் ஆகும். என்சிவியோடு சேர்த்து, தசைக்குள் ஊசி வைத்துப் பார்க்கும் இஎம்ஜியில் அதன் அடையாளம் தெரிய இரண்டு மூன்று வாரம் வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பணம்தான் செலவு, எந்தத் தரம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அதற்குள் வீட்டில் ஒன்று பாருங்கள். உள்ளங்கால் எதிர்க்காலைப் பார்க்கும்படி பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லி, உங்கள் கையால் எதிர்த்துப் பிடியுங்கள். பலமாகத் திருப்பினால் கோளாறு முழங்கால் பக்கம்தான் என்று ஓரளவு நம்பலாம். அதுவும் பலமில்லை என்றால் இடுப்பு டிஸ்க் நரம்பை அழுத்துகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உடம்பில் எங்காவது வெளுத்த அல்லது சிவந்த, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா? தொழுநோய் தாக்கும் நரம்புகளில் இதுவும் ஒன்று. ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையில் குணமாகும், மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். வடாலாவில் இதற்கென்றே அக்வொர்த் மருத்துவமனை 1890-லிருந்து இருக்கிறது. இல்லை என்றால் நிம்மதி, ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

இரண்டு காலிலும் பலவீனம் ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ மூன்று வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

முலுண்ட் கிழக்கு எழுதியது:

எனக்கு வந்ததும் இதே நரம்புதான், காரணம் வேறு. பைக் விபத்தில் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கட்டின் மேல்விளிம்பு அந்த முண்டில் அழுத்திக்கொண்டே இருந்தது. எரிகிறது, விரல் மரக்கிறது என்று ராத்திரி முழுக்கச் சொன்னேன். எலும்பு வலி அப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். கட்டைப் பிரித்தபோது பாதம் தொங்கிவிட்டது. யாருக்காவது கட்டுப்போட்டு விரல் மரத்தால் விடியட்டும் என்று விடாதீர்கள், சண்டை போட்டாவது கட்டைப் பிளந்து தளர்த்தச் சொல்லுங்கள்.

எனக்கு முழுதாகத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் சில மாதம் எதுவுமே தெரியாது. அந்தக் காலம்தான் மனசை உடைக்கும். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து பாதத்தைத் தூக்க முயன்றபோது பாதம் அசையவில்லை, ஆனால் கணுக்காலுக்கு முன்னால் தோலுக்கு அடியில் ஒரு கயிறு லேசாக இழுபட்டது. விரல் வைத்துப் பார்த்தேன், மறுபடி இழுபட்டது. பிசியோவிடம் காட்டினேன், தசை நரம்போடு சேர ஆரம்பித்துவிட்டது என்றார். கணுக்கால் முதலில் வந்தது. கட்டைவிரல் ரொம்பப் பிந்தி வந்தது.

தங்கச்சி, அண்ணனை பைக் ஓட்ட விடாதீர்கள். பின் பிரேக் வலது காலில். பாதம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அதை மிதிக்க முடியாது. ரயிலிலும் ஓடிப்போய் ஏறவே கூடாது. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தொங்குகிற முன்பாதம்தான் முதலில் மாட்டும். கூட்டம் இறங்கி முடிந்த பிறகு கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் உள்ளே வைக்க வேண்டும்.

ஏஎஃப்ஓ என்கிற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் வாங்கிவிடுங்கள். பாதத்தைத் தொங்கவிடாமல் தாங்கும். எனக்கு அது கிடைத்த பிறகுதான் தடுக்கி விழுவது நின்றது.

நெல்லைச்சீமை எழுதியது:

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஸ்பிளின்ட் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வேலை கொடுக்காத தசை சூம்பித்தான் போகும். பிளாஸ்டிக் தூக்கிக்கொடுத்தால் கால் எதற்குத் தூக்கப்போகிறது? எங்கள் ஊர்ப்பக்கம் வர்ம ஆசான்கள் எண்ணெய் போட்டு நீவி எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் பெரியப்பாவே அப்படி நடந்தவர்தான். மும்பையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட ஊரில் இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு வரலாமே. நல்ல மனசோடு சொல்கிறேன்.

பரேல் பிசியோ எழுதியது:

தம்பி, நீங்கள் நல்ல எண்ணத்தில் சொல்வது தெரிகிறது. உங்கள் பெரியப்பா நடந்ததையும் நம்புகிறேன். ஆனால் முதல் தர பாதிப்பு எதுவும் செய்யாவிட்டாலும் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். அந்த மூன்று மாதத்தில் எதைச் செய்தாலும் அதுதான் குணமாக்கியது போலத் தோன்றும். நான் கொடுக்கிற பயிற்சிக்கும் இது பொருந்தும்.

தசை சூம்புவது ஸ்பிளின்டால் அல்ல. நரம்பிலிருந்து கட்டளை வராததால் சூம்புகிறது. கட்டளையே வராத தசைக்கு, தூக்கு தூக்கு என்று நடக்கும்போது வேலை கொடுக்க முடியாது. அதற்குப் பதிலாக இடுப்பையும் முழங்காலையும் உயரத் தூக்கி நடந்து, முதுகுவலியைத் தேடிக்கொள்வார்கள். பாதம் எப்போதும் கீழ்நோக்கித் தொங்கினால் பின்னங்காலின் குதிநாண் சுருங்கி இறுகிவிடும். ஆறு மாதம் கழித்து நரம்பு திரும்பி வந்தாலும் இறுகிய கணுக்காலை அதனால் அசைக்க முடியாது. அந்த நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது, ஏனென்றால் அது முழுக்கத் தடுக்கக்கூடியது. நடக்கும்போது ஸ்பிளின்ட் போடட்டும், வீட்டில் உட்காரும்போது கழற்றிப் பயிற்சி செய்யட்டும். தசை திரும்பத் திரும்ப ஸ்பிளின்ட் நேரத்தைக் குறைக்கலாம்.

எண்ணெய் தடவி மெதுவாகத் தேய்ப்பதில் தப்பில்லை, தோலுக்கு நல்லது. ஆனால் அந்த எலும்பு முண்டின்மேல் யாரும் அழுத்தி நீவக்கூடாது. ஏற்கெனவே நசுங்கிய இடம் அது. ஒத்தடமும் வேண்டாம், மரத்த தோலுக்குச் சூடு தெரியாது.

ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸ் எழுதியது:

ஒத்தடம் பற்றி மேடம் சொன்னதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். எனக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகிறது. இரண்டு பாதமும் சாக்ஸ் போட்டதுபோல மரத்திருக்கும். என் அண்ணனுக்கும் அப்படியே. கால் குளிர்கிறது என்று அவர் வெந்நீர் பக்கெட்டில் பாதத்தை வைத்தார். அவருக்குச் சூடே தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் கொப்புளம். அது புண்ணாகி, கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டிவந்தது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பாதத்தை வைக்க வேண்டும். வேறு யாராவது தொட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி நீங்கள் கேட்பது போல ஒரே நாளில் வருவதல்ல. அது விரல் நுனியிலிருந்து மெல்ல ஏறும். முழுக்கத் திரும்பும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேற்கொண்டு கெடுவதைத் தடுக்கலாம். ஒவ்வொரு முறையும் என் டாக்டர் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்திப் பார்ப்பார். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் இழை. அதுகூடத் தெரியவில்லை என்றால் புண் வரும் ஆபத்து அதிகம் என்று அர்த்தம். சர்க்கரை உள்ள எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மும்பை மழை வேறு விஷயம். மரத்த காலில் எங்கே கீறியிருக்கிறது என்று தெரியாது. சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தேங்குகிற தண்ணீரில் இறங்கினால் அந்தக் கீறல் வழியாக லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் தொற்றும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர்தானே அது. இறங்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். காயம் இருந்தால் மாநகராட்சி மருந்தகத்தில் சொல்லுங்கள். தடுப்பாக டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள். செருப்புக்கு எம்சிஆர் கேளுங்கள், மெத்தென்ற நுண்ணறை ரப்பர். பின்வார் கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

செம்பூர் மாமி எழுதியது:

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள். பி12 பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். எங்காத்து மாமா சைவம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நாள்பட்டுச் சாப்பிடுகிறவர். பாதம் எரிச்சல், இருட்டில் நடந்தால் தள்ளாட்டம். சர்க்கரை நரம்புதான் என்றே விட்டிருந்தோம். ஒரு டாக்டர் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார், குறைந்தது 200 இருக்க வேண்டுமாம், அதற்கு நன்றாகக் கீழே இருந்தது. மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தால் பி12 உடம்பில் சேர்வது குறையுமாம். ஊசி போட்ட பிறகு எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. தள்ளாட்டம் பாதி குறைந்தது, மீதி இருக்கிறது. சீக்கிரம் பார்த்திருந்தால் இன்னும் திரும்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அதற்காக நரம்பு என்றாலே கடையில் கேட்டு விட்டமின் மாத்திரை விழுங்க வேண்டாம். அதில் பல மாத்திரைகளில் பி6 கூடுதலாக இருக்கும். பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தை மரக்க வைக்கும். இது எனக்கும் அப்போதுதான் தெரியும். ரத்தத்தில் பார்த்துவிட்டு, தேவையானதை மட்டும் எடுங்கள்.

சேடா நகர் முருகன் கோயில் படி ஏற மாமாவுக்கு ஆசை. வெறுங்காலோடு அந்த வெயிலில் கல்படியில் விடுவேனா? காலையிலேயே கூட்டிப் போய், கெட்டிச் சாக்ஸ் போட்டு, கைப்பிடிப் பக்கமாக ஏற்றுகிறேன். முருகன் ஒன்றும் சொல்லமாட்டார்.

தொண்ணூறடி ரோடு எழுதியது:

எல்லோருக்கும் கோடி நன்றி. தேமல் எதுவும் இல்லை, பாதத்தை உள்பக்கம் பலமாகத் திருப்புகிறார். டெஸ்ட் எடுத்துவிட்டோம். முழங்காலுக்குக் கீழே அந்த முண்டு இருக்கும் இடத்தில் கரண்ட் தடைப்படுகிறது, கூடவே கொஞ்சம் உள்ளிழைச் சேதமும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பெரும்பகுதி திரும்பும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டர். மாமனாரிடம் பேசிவிட்டோம், மூன்று மாதம் இங்கேயே பார்ப்பது என்று முடிவு.

ஒரு சங்கடமான கேள்வி. குத்தவைத்து உட்காரக் கூடாது என்கிறார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பொதுக் கழிப்பறைதான். எல்லாம் இந்தியன் டாய்லெட். காலையில் வரிசையில் நின்று உள்ளே போனால் குத்தவைக்காமல் என்ன செய்வது? அப்புறம், இப்போது ராத்திரியில் பாதத்தில் ஷாக் அடிப்பதுபோல வெட்டி வெட்டி இழுக்கிறது. முன்பு இல்லாத வலி. கெட்டுப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது.

முலுண்ட் கிழக்கு எழுதியது:

இதில் சங்கடப்பட எதுவும் இல்லை தங்கச்சி. மெடிக்கல் கடைகளில் மடக்கும் கமோட் ஸ்டூல் கிடைக்கும், நடுவில் ஓட்டை, நாலு கால். டாய்லெட் மேல் வைத்து உட்காரலாம். மடக்கி எடுத்துப்போகலாம் என்பதால் பொதுக் கழிப்பறைக்கும் ஆகும். வாங்கும்போது காலின் அடியில் ரப்பர் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள், ஈரத் தரையில் வழுக்கக் கூடாது. பராமரிப்பவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவருக்கு வரிசையில் முன்னால் விட்டார்கள். சாப்பிடும்போதும் சம்மணம் வேண்டாம், ஸ்டூலில் உட்காரட்டும். கால்மேல் கால் போடுவதும் கூடாது, அதே நரம்புதான் மாட்டும்.

பரேல் பிசியோ எழுதியது:

ரிப்போர்ட் நம்பிக்கை தருகிறது. தடை மட்டும் உள்ள இழைகள் முதலில் விழிக்கும், அறுந்தவை வளர்ந்து வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த முண்டிலிருந்து பாதத்தைத் தூக்கும் தசைக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால், நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் மூன்று மாதத்துக்கு மேல். பாதத்தின் மேல்பக்கம் வரை 30 சென்டிமீட்டர் என்றால் பத்து மாதம். முலுண்ட் அண்ணனுக்குக் கட்டைவிரல் பிந்தி வந்ததன் காரணம் இந்தத் தூரம்தான்.

ஷாக் அடிப்பது போன்ற வலி, மரத்த நரம்பு மறுபடி வளரும்போது வருவதுண்டு. கெட்டுப்போகிறது என்று உடனே பயப்பட வேண்டாம். முண்டிலிருந்து கீழ்நோக்கி நரம்பு போகும் வழியில் விரலால் லேசாகத் தட்டினால் ஓரிடத்தில் சுரீர் என்று பாதத்துக்கு ஓடும். வாரங்கள் போகப் போக அந்த இடம் கீழே நகர்ந்தால் நரம்பு முன்னேறுகிறது என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் டினெல் 1915-ல் எழுதிவைத்த சோதனை இது. நீங்கள் தினமும் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், எங்களிடம் வரும்போது பார்த்துக்கொள்கிறோம். தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால் டாக்டரிடம் கேளுங்கள். பிரெகாபலின், காபாபென்டின், டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவை உண்டு. அவை வலியைத் தணிக்கும், நரம்பை வளர்க்காது. சிலருக்குத் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரும், அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறக்கூடாது. சரியாகிவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியதில் முக்கியம் துண்டுப் பயிற்சி. காலை நீட்டி உட்கார்ந்து, முன்பாதத்தில் துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் தன்பக்கம் இழுத்து 30 விநாடி நிறுத்த வேண்டும். ஒரு தடவைக்கு நாலைந்து முறை, காலை மாலை இரண்டு வேளையும். இழுக்கும்போதே பாதத்தைத் தானாகத் தூக்குவதாக நினைத்து முயல வேண்டும். அசையாவிட்டாலும் முயல்வது நல்லது. உணர்ச்சிக்கு, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு, துண்டு, பிரஷ் என்று மாற்றி மாற்றித் தடவி எது என்று கேளுங்கள். பிள்ளைகளை இதைச் செய்யச் சொல்லலாம். கொஞ்சம் பலம் வந்ததும் கிச்சன் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, அப்புறம் குதிகாலில் நடப்பது.

வேலைக்குத் திரும்புவது பற்றி மேஸ்திரியிடம் இப்போதே பேசிவிடுங்கள். தாழ்வான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அடிக்கடி எழுந்து நடந்துவிட்டு வேலை செய்ய முடியுமென்றால் சேரட்டும். பழையபடி நாள் முழுக்கக் குத்தவைத்தால் குணமான நரம்பும் மறுபடி நசுங்கும்.

வாஷி செக்டர் பதினேழு எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு முழங்கால் மூட்டு பிசகி இதே நரம்பு போனது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது, பாதம் அசையவே இல்லை. வயசு இருபத்தைந்துகூட ஆகவில்லை. இனி வழியே இல்லையா?

பரேல் பிசியோ எழுதியது:

மூட்டு பிசகும்போது நரம்பு நீளமாக இழுபட்டுக் கிழிகிறது. அதனால் அழுத்தத்தால் வந்ததைப் போல எளிதில் திரும்புவதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அசைவின் அறிகுறியே இல்லை என்றால் அப்போதே நரம்பு அறுவை நிபுணரிடம் போக வேண்டும். ஒன்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் நரம்பு வந்து சேராத தசை நாராகிவிடும், பிறகு நரம்பை ஒட்டவைத்தும் பயன் குறைவு.

ஆனால் வழி இருக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் பின்னால் ஓடும் தசைநாண் வேறு நரம்பில் இயங்குவது, உங்கள் தம்பிக்கு அது நன்றாகவே இருக்கலாம். அதை எடுத்து முன்பக்கம் கொண்டுவந்து பாதத்தின் மேல் பொருத்துவார்கள். உள்ளே திருப்பிக்கொண்டிருந்த தசை பாதத்தைத் தூக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளும். நம் நாட்டுக்கு இது புதிது அல்ல. 1946-ல் வேலூர் சிஎம்சியில் சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட் காலத்திலிருந்து தொழுநோயாளிகளின் கைகால்களுக்குத் தசைநாண் மாற்றம் அங்கே செய்து வருகிறார்கள். அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் போலக் கட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. கணுக்கால் இறுகாமல் இருந்தால்தான் செய்வார்கள். அதனால் துண்டுப் பயிற்சியை உங்கள் தம்பியும் இன்றைக்கே தொடங்கட்டும்.

அதுவரை நல்ல ஏஎஃப்ஓ வேண்டும். ஹாஜி அலியில் 1955-லிருந்து மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் ஏஐஐபிஎம்ஆர் இருக்கிறது, அங்கே காலை அச்செடுத்துச் செய்வார்கள். தாராவித் தங்கச்சியும் அங்கே போகலாம். மேல்விளிம்பு அந்த எலும்பு முண்டைத் தொடக்கூடாது என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். பருத்திச் சாக்ஸ் போட்டு முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் திரும்பக் கொண்டுபோய் அந்த இடத்தைச் சூடுகாட்டி விரித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஷூ ஓர் அளவு பெரிதாக, உள் அட்டையைக் கழற்றக்கூடியதாக வாங்குங்கள். ஸ்பிளின்ட் வாங்கப் போகும்போது அந்த ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள், அதற்குள் பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.